ஒரு பழைய மின்சார ரயிலாவது தன் மோட்டாரில் ஓடட்டும்: பிரிட்டனின் ரயில் பாரம்பரியக் காவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

பிரிட்டனின் ரயில் அருங்காட்சியகங்களை நிர்வகிக்கும் அறங்காவலர்களுக்கும், மூடப்பட்ட பாதைகளை மீட்டெடுத்துப் பழைய ரயில்களை ஓட்டிவரும் தன்னார்வச் சங்கத்தாருக்கும்,

வணக்கம். 1825 செப்டம்பர் 27 அன்று ஸ்டாக்டன்–டார்லிங்டன் பாதையில் ஓடிய வண்டியின் இருநூறாம் ஆண்டைச் சென்ற 2025இல் நாடே கொண்டாடியது. நீராவி இஞ்சினுக்கு அந்த மரியாதை தகும். அதைக் குறை சொல்ல இந்த மடலை எழுதவில்லை. அடுத்து வரும் ஓர் ஆண்டு நிறைவை நினைவுபடுத்தத்தான் எழுதுகிறேன். 2029 மார்ச் 29 அன்று, நியூகாசிலில் நியூ பிரிட்ஜ் ஸ்ட்ரீட்டிலிருந்து பென்டன் வரை வடகிழக்கு ரயில்வேயின் முதல் மின்சார ரயில் ஓடி 125 ஆண்டுகள் நிறையும். ஒரு வாரம் கழித்து லிவர்பூல்–சவுத்போர்ட் பாதைக்கும் அதே வயதாகிவிடும். அதற்குள், பழைய மின்சார ரயில் ஒன்றாவது டீசல் இஞ்சின் இழுக்காமல் தன் சொந்த மோட்டாரில் ஒரு பாரம்பரியப் பாதையில் ஓட வேண்டும். என் கோரிக்கை இவ்வளவுதான்.

இதன் ஆங்கில வடிவத்தைத் தனியே அனுப்புகிறேன். தமிழிலும் எழுதக் காரணம் உண்டு. டூட்டிங், சட்டன், நியூ மால்டன், கிங்ஸ்டன் பக்கம் குடியிருக்கும் தமிழர்கள் காலையில் ஏறி நிற்பதெல்லாம் இந்த வண்டிகளின் பேரப்பிள்ளைகளில்தான். அவர்களும் உங்கள் அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். பச்சை, கறுப்பு, சிவப்பு என்று பளபளக்கும் நீராவி இஞ்சின்களுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். தாங்கள் தினமும் போகும் ரயில் எங்கிருந்து வந்தது என்று அவர்களுக்குச் சொல்ல ஆள் இல்லை.

இஞ்சினே இல்லாத ரயில் என்பது சாதாரண விஷயமாகிவிட்டதால், அது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை மறந்துவிட்டோம். மோட்டார்கள் பயணிகள் பெட்டிகளின் அடியிலேயே இருக்கும். இரண்டு முனையிலும் ஓட்டுநர் அறை இருக்கும். கடைசி நிலையத்துக்கு வந்ததும் இஞ்சினைக் கழற்றி, பக்கத்துத் தடத்தில் சுற்றிக்கொண்டுபோய் மறுமுனையில் மாட்டுகிற வேலை கிடையாது. மோட்டார்மேன், அதாவது ஓட்டுநர், தன் சாவியை எடுத்துக்கொண்டு பிளாட்பாரத்தில் நடந்து மறுமுனை அறைக்குப் போனால் வண்டி திரும்பப் புறப்படத் தயார். இப்படிச் சேர்ந்தே ஓடும் பெட்டித் தொகுதிக்கு யூனிட் என்று பெயர். கூட்டம் அதிகமா, இன்னொரு யூனிட்டைச் சேர்த்துக்கொள்ளலாம். மதியம் ஆள் இல்லையா, கழற்றிவிடலாம். எத்தனை யூனிட் சேர்ந்தாலும் ஓட்டுகிறவர் ஒருவர்தான்.

அந்த ஒருவர் எப்படி எல்லா மோட்டார்களையும் ஓட்டுகிறார் என்பதில்தான் சூட்சுமம். அமெரிக்கப் பொறியாளர் ஃபிராங்க் ஸ்பிரேக், சிகாகோவின் சவுத் சைடு மேம்பால ரயிலுக்காக 1897இல் காட்டிய வழி அது. மோட்டார்மேன் கையில் இருக்கும் கன்ட்ரோலர் வழியாகப் போவது சொற்ப மின்னோட்டம். அது பெட்டிக்குப் பெட்டி இணைத்த கேபிளில் ஓடி, ஒவ்வொரு மோட்டார் பெட்டியின் அடியிலும் உள்ள காண்டாக்டர்கள் என்னும் பெரிய சுவிட்சுகளை மூடும். மோட்டாருக்கு வேண்டிய பெரிய மின்சாரத்தை அந்தந்தப் பெட்டி, பாதையோரம் மின்சாரம் பாயும் மூன்றாவது தண்டவாளத்திலிருந்து, அதில் உரசிச் செல்லும் ‘ஷூ’ என்ற இரும்புத் துண்டு வழியாகத் தானே எடுத்துக்கொள்ளும். கைப்பிடியை முதல் நாட்சுக்கு, அதாவது முதல் படிக்கு, தள்ளினால் காலடியில் ‘டக்’ என்று காண்டாக்டர் அடிக்கும். மோட்டார்கள் முதலில் தொடர் இணைப்பில் இருக்கும். தடைச்சுருள்கள் ஒவ்வொன்றாக விலக விலக வேகம் ஏறும். அப்புறம் பக்க இணைப்புக்கு மாறும்போது இன்னொரு உந்து. கைப்பிடியை அமுக்கிப் பிடித்திருக்கும் கை தளர்ந்தால் மின்சாரம் அறுந்து பிரேக் விழும். ஓட்டுகிறவர் மயங்கி விழுந்தாலும் வண்டி நின்றுவிடும் என்ற அந்த ஏற்பாட்டைப் பத்து வயதுப் பிள்ளைக்குக் காட்டினால் ஒரு நிமிடத்தில் புரிந்துகொள்ளும். ஆனால் காட்டுவதற்குக் கைப்பிடியும் அசைய வேண்டும், ‘டக்’ என்ற சத்தமும் கேட்க வேண்டும்.

மின்சாரம் வந்தபோதே இந்த ஏற்பாடும் வந்துவிடவில்லை. 1890இல் திறந்த சிட்டி அண்ட் சவுத் லண்டன் சுரங்கப் பாதை, மின்சார இஞ்சின் பெட்டிகளை இழுக்கிற முறையில்தான் ஓடியது. 1900இல் வந்த சென்ட்ரல் லண்டன் ரயிலும் அப்படியே. அதன் இஞ்சின் ஒன்றின் எடை 44 டன். அதில் பெரும்பகுதி ஸ்பிரிங்கின் தாங்கல் இல்லாமல் நேரே சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருந்தது. விளைவு, மேலே தெருவில் இருந்த கட்டடங்கள் அதிர்ந்தன. வரைபடம் போடுகிற அலுவலகங்களில் நேர்கோடு இழுக்க முடியவில்லை என்று புகார் போனது. அரசின் வர்த்தக வாரியம் இயற்பியலாளர் ரேலி பிரபு தலைமையில் குழு போட்டு விசாரித்தது. எடையைப் பெட்டிகளுக்கு இடையே பிரித்துப் போட்ட ரயில்களை ஓட்டிப் பார்த்தபோது அதிர்வு அடங்கியது. 1903இல் இஞ்சின்கள் ஓரங்கட்டப்பட்டன. ஓர் எழுத்தரின் பேனா நடுங்கியதில் தொடங்கி ஒரு தொழில்நுட்பம் வெற்றி பெற்ற கதை இது. இதை எந்தப் பள்ளிக் குழந்தைக்கும் சொல்லலாம்.

பெட்டிக்கு அடியில் மோட்டார் வைப்பதில் லிவர்பூல் இவர்களுக்கெல்லாம் முந்தியது. துறைமுகத்தின் ஓரமாக இரும்புத் தூண்களின் மேல் ஓடிய லிவர்பூல் ஓவர்ஹெட் ரயில்வேயில், 1893லேயே பெட்டிகளுக்கு அடியில் மோட்டார் இருந்தது. அதன் ஒரு பெட்டியை லிவர்பூல் அருங்காட்சியகம், அது ஓடிய அதே உயரத்தில் தூக்கி வைத்திருக்கிறது. உள்ளே ஏறி மர இருக்கையில் உட்காரலாம். உங்களில் யாராவது பழைய மின்சார ரயிலை எப்படிக் காட்சிக்கு வைப்பது என்று யோசித்தால் முதலில் அங்கே போய் வாருங்கள். ஓட்ட முடியாத வண்டிக்கு அதைவிட நல்ல மரியாதை செய்ய முடியாது.

அதே நகரில் ஆற்றுக்கு அடியில் போன மெர்சி ரயில்வேயின் கதை வேறு. 1886இல் நீராவியோடு திறந்தது. சுரங்கம் முழுக்கப் புகை. விசிறி வைத்து இழுத்தும் போகவில்லை. மக்கள் மீண்டும் படகுக்கே போய்விட்டார்கள், கம்பெனி திவாலானது. ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் முன்வந்து மின்மயமாக்கிக் கொடுக்க, 1903 மே 3 அன்று முழுப் பாதையும் மின்சாரத்துக்கு மாறியது. நீராவியில் ஓடிக்கொண்டிருந்த ஒரு பாதை முழுதாக மின்சாரத்துக்கு மாறியது பிரிட்டனில் அதுதான் முதல் தடவை.

இனி நியூகாசிலுக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த கதையும், மனம் கசக்கிற கதையும் இதுதான்.

1901இல் நியூகாசில் தெருக்களில் மின்சார டிராம் வந்தது. வீட்டு வாசலில் ஏறி வேலை வாசலில் இறங்கலாம் என்றால் ரயில் நிலையத்துக்கு யார் நடப்பார்கள்? வடகிழக்கு ரயில்வேயின் உள்ளூர்ப் பயணிகள் 1901இல் சுமார் 98 லட்சம். 1903இல் அது 59 லட்சத்துக்கு இறங்கிவிட்டது. கம்பெனி பதறிப் போய் 600 வோல்ட் மூன்றாவது தண்டவாளம் போட்டது. யார்க் பட்டறையில் மரப்பலகை வேய்ந்த நீண்ட பெட்டிகளைக் கட்டியது. நீராவி வண்டிகளைப் போலக் குறுகிய தனித்தனி அறைகள் இல்லாமல், நடுவில் நடைபாதை விட்ட திறந்த பெட்டிகள். 1913க்குள் போன பயணிகளில் பெரும்பாலோர் திரும்பி வந்துவிட்டார்கள்.

1918 ஆகஸ்ட் 11 அன்று வாக்கர்கேட் பணிமனையில் தீப்பிடித்து 34 பெட்டிகள் எரிந்தன. அதற்குப் புதிதாகக் கட்டினார்கள். 1938இல் டைன் ஆற்றின் தென்கரைக்கும் மின்சாரம் போனது. பிறகு 1963இல் தென்கரையிலும், 1967இல் வடகரையிலும் மின்சாரத்தை நிறுத்தி டீசலுக்கு மாற்றினார்கள். மூன்றாவது தண்டவாளத்தைப் பிடுங்கினார்கள். பதின்மூன்றே ஆண்டுகள். 1980இல் பெரும்பாலும் அதே தடங்களில் டைன் அண்ட் வேர் மெட்ரோவுக்காக 1,500 வோல்ட் மின்கம்பியை மேலே இழுத்து மறுபடி மின்மயமாக்கினார்கள். இருந்ததைப் பிடுங்கிவிட்டுத் திரும்பப் போட்ட செலவை யார் கணக்கில் எழுதினார்களோ.

1904இன் அந்த வண்டிகளில் மிஞ்சியது 3267 எண்ணுள்ள பார்சல் மோட்டார் வேன். பயணிகள் ஏறிய வண்டி அல்ல, மூட்டை ஏற்றிய வண்டி. நார்த் ஷீல்ட்ஸ் அருகே உள்ள அருங்காட்சியகத்தில் அது நிற்கிறது. அந்தக் கொட்டகைதான் 1970களில் மெட்ரோவின் மாதிரி வண்டிகளைச் சோதித்த நிலையம். பழைய மின்சார ரயிலில் எஞ்சிய ஒரே வண்டி, புதிய மின்சார ரயில் பிறந்த கொட்டகையில் நிற்கிறது. இதைவிடப் பொருத்தமான இடம் தேடினாலும் கிடைக்காது. ஆனால் அந்த இடத்துக்கு இன்று வைத்திருக்கும் பெயர் ‘ஸ்டீவன்சன் ஸ்டீம் ரயில்வே’. சரி, பெயரில் என்ன இருக்கிறது என்று விட்டுவிடலாம்.

சவுத்போர்ட் பாதையில் லங்காஷயர் அண்ட் யார்க்ஷயர் ரயில்வே ஓட்டிய வண்டிகள் இன்னும் தாராளம். பத்து அடி அகலம். எல்லா நிலையத்திலும் நின்று லிவர்பூலிலிருந்து சவுத்போர்ட் போக நீராவிக்கு 54 நிமிடம் பிடித்தது, மின்சாரத்துக்கு 37. வேகத்தைவிட முக்கியம், நின்ற இடத்திலிருந்து சடுதியில் கிளம்புவது. நிலையங்கள் நெருங்கி இருக்கும் புறநகர்ப் பாதையில் அதுதான் கணக்கு. 1939 முதல் 1941 வரை அந்தப் பாதைக்காக டார்பியில் கட்டிய அடுத்த தலைமுறை வண்டிகள் தாமாகத் திறக்கும் சறுக்குக் கதவுகளோடு வந்தன. அவற்றில் இரண்டு பெட்டிகளைத் தன்னார்வலர்கள் சிலர் கைக்காசு போட்டுப் பழுதுபார்த்து வருகிறார்கள்.

நான் குடியிருக்கும் தென்மேற்கு லண்டன் பக்கம் மின்சார ரயில் கொண்டுவந்தவர் லண்டன் அண்ட் சவுத் வெஸ்டர்ன் ரயில்வேயின் பொது மேலாளர் ஹெர்பர்ட் வாக்கர். சிக்கனமான மனிதர். புது வண்டி வாங்காமல், இருந்த நீராவி ரயில் பெட்டிகளையே மாற்றி மூன்று பெட்டி கொண்ட 84 யூனிட்டுகளைத் தயார் செய்தார். முகப்பைக் கூம்பாகச் சீவி, அதில் ஓர் எழுத்தைப் பொருத்தினார்கள். ஹெச் என்றால் ஹாம்ப்டன் கோர்ட். எஸ் என்றால் ஷெப்பர்டன். கிங்ஸ்டன் சுற்றுக்கு வி. அதே சுற்றை எதிர்த்திசையில் போகிற வண்டியில் வி தலைகீழாக இருக்கும். படிக்கத் தெரியாதவரும் தூரத்திலிருந்தே தன் வண்டியைக் கண்டுகொள்ளலாம். கால அட்டவணையிலும் அதே எளிமை: ஒவ்வொரு மணிக்கும் அதே நிமிடத்தில் வண்டி. காலை நெரிசலுக்கு இரண்டு யூனிட்டுகளுக்கு நடுவே மோட்டார் இல்லாத இரண்டு பெட்டிகளைச் செருகி எட்டுப் பெட்டி ரயிலாக்கினார்கள். 1915 அக்டோபரில், போர் நடந்துகொண்டிருந்தபோது, வாட்டர்லூவிலிருந்து இது தொடங்கியது.

பக்கத்துக் கம்பெனியான பிரைட்டன் ரயில்வே 1909லேயே 6,600 வோல்ட் மாறுமின்னோட்டத்தை மேல்கம்பியில் கொடுத்து ஓட்டிக்கொண்டிருந்தது. நல்ல தொழில்நுட்பம்தான். ஆனால் கருவிகள் ஜெர்மனியிலிருந்து வர வேண்டியவை. போர் வந்ததும் விரிவாக்கம் அப்படியே நின்று, 1925இல்தான் முடிந்தது. அதற்குள் கம்பெனிகள் ஒன்றாகிச் சதர்ன் ரயில்வே ஆகியிருந்தது. வாக்கர்தான் அதன் மேலாளர். 1926இல் மூன்றாவது தண்டவாளமே எங்கும் என்று முடிவாகி, 1929இல் கடைசி மேல்கம்பி வண்டி ஓடி ஓய்ந்தது. தோற்றது மேல்கம்பி என்று அன்று எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

அது தோற்கவில்லை என்பதற்குச் சாட்சி மோர்கம். லங்காஸ்டர்–மோர்கம்–ஹீஷம் பாதையை மிட்லண்ட் ரயில்வே 1908இல் மேல்கம்பியில் மின்மயமாக்கியது. 1951இல் அந்த வண்டிகள் தேய்ந்து நின்றுபோயின. அப்போது, வீட்டுக்கு வரும் அதே 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ரயில் ஓட்ட முடியுமா என்று பார்க்க அந்தப் பாதையைத் தேர்ந்தார்கள். சோதனைக்கு வண்டி? 1914இல் லண்டனின் வில்ஸ்டன் பக்கம் ஓட்டக் கட்டி, 1940 முதல் வேலையில்லாமல் கிடந்த பழைய பெட்டிகளைத் தூசு தட்டி எடுத்து, உள்ளே மாறுமின்னோட்டத்தை நேர்மின்சாரமாக்கும் பாதரசத் திருத்தியை வைத்து, 1953இல் ஓடவிட்டார்கள். கிட்டத்தட்ட நாற்பது வயதான மர வண்டிகள் அந்த நூற்றாண்டின் பிற்பகுதிக்கு ஒத்திகை பார்த்தன. 1956இல் பிரிட்டிஷ் ரயில்வே 25,000 வோல்ட் 50 ஹெர்ட்ஸையே தன் பொது முறையாக ஏற்றது. அடுத்த ஆண்டே இந்தியாவும் அதே முறைக்கு வந்தது. 1931 முதல் 1,500 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடிய சென்னை கடற்கரை–தாம்பரம் பாதையும் 1960களில் அதற்கே மாறியது.

இவ்வளவும் உங்களுக்குத் தெரியாதவை அல்ல. உங்களிடம் இருக்கும் பொருள்களே இதற்குச் சான்று. தேசியச் சேகரிப்பில் சுவிட்சர்லாந்தின் ஓர்லிகன் கருவிகள் பொருத்திய 28249 எண் பெட்டி இருக்கிறது. 1925இன் சதர்ன் புறநகர் மோட்டார் பெட்டி 8143 இருக்கிறது. 1937இன் இரண்டு பெட்டி யூனிட் 2090 முழுசாக இருக்கிறது. ஆனால் கோவென்ட்ரி அருகே மின்சார ரயில்களுக்கென்றே நடந்த அருங்காட்சியகம் 2017இல் மூடப்பட்டு, அங்கிருந்த யூனிட்டுகள் திசைக்கு ஒன்றாகப் போயின. நீராவி இஞ்சின் ஒன்று அநாதையானால் அடுத்த வாரமே அதற்கு நிதி திரட்டக் குழு அமைந்துவிடுகிறது. பிரைட்டன் பெல் போன்ற புல்மன் சொகுசு மின்சார ரயிலுக்குக்கூட ஆள் இருக்கிறது, மேஜை விளக்கும் வெல்வெட் இருக்கையும் இருப்பதால். கிங்ஸ்டனிலிருந்து எழுத்தர்களையும் தட்டச்சுப் பெண்களையும் ஏற்றிவந்த வண்டிக்கு யார் இருக்கிறார்கள்?

நீங்கள் சொல்லக்கூடிய பதில்களும் தெரியும். தன்னார்வலர்கள் கடந்துபோகும் தடத்தில் 600 வோல்ட் தண்டவாளத்தைத் திறந்து வைக்க முடியாது. உண்மை, வைக்கவும் கூடாது. பழைய கருவிகளில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு, அகற்றப் பெரும் செலவு. அதுவும் உண்மை. ஆனால் முதல் தடைக்கு இன்று வழி இருக்கிறது. 2023 அக்டோபரில் லிவர்பூல் பக்கம் ஹெட்போல்ட் லேன் நிலையம் திறந்தபோது, கிர்க்பிக்கு அப்பால் மூன்றாவது தண்டவாளம் போடவில்லை. அந்தக் கடைசித் துண்டைப் புது மின்சார ரயில்கள் பேட்டரியிலேயே கடக்கின்றன. பழைய வண்டிக்கும் வேண்டியது அதே 600, 700 வோல்ட் நேர்மின்சாரம்தான். மோட்டார் இல்லாத பெட்டி ஒன்றில் பேட்டரியை வைத்து, ஷூவிலிருந்து வர வேண்டிய மின்சாரத்தை அங்கிருந்து கொடுத்தால், கன்ட்ரோலருக்கும் காண்டாக்டருக்கும் மோட்டாருக்கும் வித்தியாசம் தெரியப் போவதில்லை. மணிக்கு 25 மைல் வேகத்தில் சில மைல் போய்வர மலையளவு பேட்டரியும் தேவைப்படாது.

எந்த வண்டியை ஓட்டுவது என்பதில் நிதானம் வேண்டும். 3267ஐத் தொடாதீர்கள். 28249ஐயும் தொடாதீர்கள். ஒன்றே ஒன்று மிஞ்சியதை ஓட்டித் தேய்ப்பது பாவம். 1940களின் சதர்ன் புறநகர் யூனிட், சவுத்போர்ட் பெட்டிகள், போருக்கு முந்தைய லண்டன் பாதாள ரயில் பெட்டிகள் இவற்றில் ஒன்றுக்கு முயலலாம். கன்ட்ரோல் முறை அடிப்படையில் ஸ்பிரேக் காட்டியதேதான். ஓட்டக்கூடாதவற்றுக்கு இன்னொரு வேலை இருக்கிறது: ஓட்டுநர் அறையைத் திறந்துவிடுங்கள். குறைந்த வோல்ட்டில் காண்டாக்டர்களை மட்டும் இயங்க வையுங்கள். பெட்டியின் அடிப்பாகத்தை விளக்குப் போட்டுக் காட்டுங்கள். இந்த ரயில்களின் அழகெல்லாம் அடியில்தான். வெளியே வண்ணம் பூசி, கதவைப் பூட்டி, கயிறு கட்டி நிறுத்தினால் அது ஒரு நீளமான மரப்பெட்டி, அவ்வளவுதான்.

இன்னொன்று, பணம் அதிகம் தேவைப்படாதது, ஆனால் அவசரமானது. 1967இல் நியூகாசிலைச் சுற்றிய டைன்சைடில் கடைசி மின்சார வண்டியை ஓட்டியவர்களில் அன்று இருபது வயதாக இருந்தவருக்கு இப்போது எண்பதை நெருங்கும். சவுத்போர்ட் வண்டிகளை 1980 வரை ஓட்டியவர்கள் இன்னும் பலர் இருப்பார்கள். உறைபனி பிடித்த காலையில் மூன்றாவது தண்டவாளத்தில் நீலப் பொறி பறக்க வண்டியை எப்படி நகர்த்தினார்கள், சந்திப்புகளில் தண்டவாள இடைவெளி வந்து விளக்கு அணைந்து எரியும்போது கைப்பிடியை என்ன செய்தார்கள், எந்த யூனிட் முரண்டு பிடித்தது, இதெல்லாம் எந்தக் கையேட்டிலும் இல்லை. நீராவி இஞ்சின் ஓட்டியவர்களின் நினைவுகளைப் பதிவு செய்ய நீங்கள் காட்டிய அக்கறையில் பாதி இவர்களிடம் காட்டுங்கள். இந்த ஆண்டே தொடங்குங்கள்.

ஆஸ்பெஸ்டாஸ் பரிசோதனை, பேட்டரிப் பெட்டியின் வடிவமைப்பு, பாதுகாப்பு அனுமதி என்று எல்லாவற்றுக்கும் காலம் பிடிக்கும். 2028இல் கூடிப் பேசினால் 2029க்கு ஒரு கேக்கும் ஒரு பலகையும்தான் மிஞ்சும். எனவே இந்த மடலைப் படிக்கும் சங்கங்களிடம் ஒரே ஒரு கேள்விக்கு எழுத்தில் பதில் கேட்கிறேன்: உங்கள் பாதையில், உங்கள் கொட்டகையில், ஒரு மின்சார யூனிட்டுக்கும் ஒரு பேட்டரிப் பெட்டிக்கும் இடம் தருவீர்களா? தருவோம் என்று ஒரு சங்கம் சொன்னால், நிதி திரட்டும் வேலையில் தென்மேற்கு லண்டன் தமிழ்ச் சங்கங்களின் கதவைத் தட்டுவது என் பொறுப்பு.

இப்படிக்கு,
கிங்ஸ்டன் சுற்று ரயிலில் வேலைக்குப் போய்வரும் பயணி
நியூ மால்டன்